வெளியே அமர ஏற்ற இருக்கைகள்

மாலையில் வீட்டாருடன் திண்ணையிலோ முற்றத்திலோ அமர்ந்து பேசுவது தனி இன்பம். அதற்கு நாற்காலி வாங்குமுன் மூன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும்: வெயில், மழை, அமர்பவர்.

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. ஆதலால் கறையானும் ஈரமும் அதை எளிதில் கெடுப்பதில்லை. விலைதான் அதிகம். பிரம்பு இலேசானது, காற்றோட்டமுள்ளது. ஆனால் நனைந்தால் பூசணம் பிடிக்கும். எனவே அது கூரையுள்ள திண்ணைக்கே உரியது. இரும்பு உறுதியானது, எனினும் கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் விரைவில் துருப்பிடிக்கும். துருவைச் சுரண்டி அவ்வப்போது வர்ணம் பூச வேண்டும். பிளாஸ்டிக் மலிவு, ஆயின் நெடுநாள் வெயிலில் கிடந்தால் புற ஊதாக் கதிர்களால் வெளுத்து, வலுவிழந்து, திடீரென உடையும். முதியவர் விழுந்து எலும்பு முறிய அதுவே போதும். கடப்பாக்கல் மேடை நண்பகலில் சுடும். மரநிழலில் அமைத்தால் குளிர்ச்சி தரும்.

பாட்டிக்கு ஏற்றது தாழ்ந்த சாய்வு நாற்காலி அன்று. சுமார் 45 செ.மீ. உயரமும், ஊன்றி எழக் கைப்பிடியும் உள்ள நாற்காலியே.

மாணவியரே, கடையில் நிறத்தைப் பார்க்குமுன், வீட்டில் எழ முடியாமல் தவிப்பவரை நினைத்துப் பாருங்கள். அவர் பிறர் துணையின்றி எழுந்தால், அதுவே நல்ல தேர்வு.