நின்று உதவினால் கேஸ் வருமா?

கோல சிலாங்கூரிலிருந்து புக்கிட் ரோத்தான், ஈஜோக் பக்கம் இரவில் போகிறவர்களுக்குத் தெரியும், செம்பனைக்கு நடுவே விளக்கில்லாத சாலை எவ்வளவு தூரம் ஓடுகிறதென்று. அங்கே ஒரு மோட்டார் கவிழ்ந்து கிடந்தால் நம் காலை பிரேக்குக்குப் போகவிடாமல் தடுப்பவை பெரும்பாலும் கேள்விப்பட்ட கதைகள்தான்.

"தூக்கிக்கொண்டு போனால் நம் மேலேயே கேஸ் போடுவான்."

இந்தப் பயத்தில் பாதி தமிழ் சினிமா கொடுத்தது. இந்தியாவில் அதற்குக் காரணமும் இருந்தது. உதவியவரைக் காவல் நிலையமும் கோர்ட்டும் அலைக்கழித்ததால்தான் 2016-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே உதவுவோருக்குப் பாதுகாப்பு சேர்ந்தது. மலேசியாவில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. ஆனால் இங்கே 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு பிடிப்பது வேறு ஆளை. விபத்தில் சம்பந்தப்பட்ட ஓட்டுநர் நிற்க வேண்டும், முடிந்த உதவி செய்ய வேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீசில் சொல்ல வேண்டும். இவற்றைச் செய்யாவிட்டால்தான் குற்றம். வழியில் போன உங்களிடம் பார்த்ததைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். அது சாட்சி சொல்வது, குற்றவாளி ஆவதல்ல.

நல்லெண்ணத்தோடு உதவும்போது தவறிப்போய்க் காயம் பட்டால்? குற்றவியல் சட்டத்தின் 92-ஆம் பிரிவு அதற்குத்தான். 1860-ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்திலிருந்து எண் மாறாமல் இங்கே வந்த பிரிவு. அதில் தரும் உதாரணம் சுவையானது: ஒருவனைப் புலி கவ்விக்கொண்டு போகிறது, அவனைக் காப்பாற்றச் சுட்டவனின் குண்டு அவன் மேலேயே பட்டுவிடுகிறது. சுட்டவன் குற்றவாளி இல்லை. அதற்காக எதையும் செய்யலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், பிரிவுக்குள் வரம்புகளும் உண்டு.

"ரிப்போர்ட் இல்லாமல் பிரைவேட் ஆஸ்பத்திரி தொடாது" என்பதும் சரியல்ல. உயிர்காக்கும் அவசர சிகிச்சை தரத் தனியார் மருத்துவமனைகள் தயாராக இருக்க வேண்டும் என்று 1998-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

"கவிழ்ந்து கிடக்கும் மோட்டார் கொள்ளைக்காரன் விரிக்கும் வலை."

இதை நான் முழுக்கத் தள்ளமாட்டேன். சந்தேகமாக இருந்தால் இறங்காதீர்கள். வெளிச்சமுள்ள எண்ணெய் நிலையமோ கடையோ வரும்வரை ஓட்டி, அங்கிருந்து 999-ஐ அழையுங்கள். அதுவும் உதவிதான். வெள்ளைச் சேலைப் பேய்க்காக பம்பரில் எலுமிச்சம்பழம் கட்டுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, நிறுத்தும்போது அபாய விளக்கையும் போட்டால் சரி. உண்மையான ஆபத்து பின்னால் குலை ஏற்றி வரும் லோரி. அதன் ஓட்டுநர் உங்களைத் தூரத்திலேயே பார்க்க வேண்டும். எச்சரிக்கை முக்கோணத்தைத் தள்ளி வையுங்கள், சாலை நடுவில் நின்று போன் பேசாதீர்கள்.

"ஆம்புலன்ஸ் வருவதற்குள் நாமே காரில் போட்டுக்கொண்டு போய்விடலாம்."

அக்கறையில் செய்வதுதான், ஆனால் முதுகெலும்போ கழுத்தோ அடிபட்டிருந்தால் தூக்கி மடக்குவதிலேயே கை கால் செயலிழக்கலாம். தீயோ, மேலே வண்டி ஏறும் அபாயமோ இருந்தால் ஒழிய அசைக்காதீர்கள். மூச்சு ஓடுகிறதென்றால் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். தண்ணீரும் கொடுக்காதீர்கள், அரை மயக்கத்தில் அது மூச்சுக்குழாய்க்குள் போகும். ரத்தம் பாய்கிற இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிப்பது யாராலும் முடியும்.

ஆம்புலன்ஸ் தாமதமாவதற்கு ஒரு காரணம் நம் பக்கமும் இருக்கிறது. 999-இல் பேசுகிறவருக்குத் தோட்டத்தின் தமிழ்ப் பெயர் தெரிந்திருக்காது. பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது, நாம்தான் இன்னும் பழைய பெயரில் இருக்கிறோம். சாலையின் பெயர், கிலோமீட்டர் கல்லின் எண், பக்கத்திலுள்ள தமிழ்ப்பள்ளி அல்லது செம்பனை ஆலை, இவற்றைச் சொல்லுங்கள். தோட்டத்துக்குள் என்றால் ஜாகாவைக் கூப்பிட்டு கேட்டைத் திறந்துவைக்கச் சொல்லுங்கள். ஒருவர் டார்ச்லைட்டோடு சிம்பாங்குக்குப் போய் நிற்கட்டும்.