கட்டாயத்தில் செய்த சத்தியம் கட்டுமா?

மனித வியாபாரத்தைத் தடுக்கும் பணியில் விசுவாசிகளின் பங்கு பற்றி ஒரு குடும்பப் பாடம்

யாக்கோபின் மகன் யோசேப்பை இருபது வெள்ளிக் காசுக்கு விற்கத் துணிந்தவர்கள் யார்? வழியில் வந்த கள்வர் அல்லர். ஒரே தகப்பனின் கூடாரத்தில் ஒன்றாக உண்டு வளர்ந்த அவருடைய சகோதரர்களே. தொடக்க நூலின் 37-ம் அதிகாரத்தைச் சிறு வயதிலிருந்தே கேட்டு வருகிறோம். ஆனால் அதிலுள்ள ஓர் உண்மையை நாம் ஊன்றிக் கவனிப்பதில்லை. மனிதனை விற்பவன் பெரும்பாலும் அவனுக்குத் தெரிந்தவன், அவன் நம்பியவன். இந்த உண்மை இன்றும் மாறவில்லை. ஆகவேதான் இந்தப் பாவத்தைத் தடுக்கும் வேலை பொலிஸ் நிலையத்தில் மட்டும் தொடங்க முடியாது. வீட்டிலும் பங்கிலும் தொடங்க வேண்டும்.

மனித வியாபாரம் என்றால் என்ன?

2000-ம் ஆண்டு நவம்பரில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட பலெர்மோ உடன்பாடு இதற்குத் தெளிவான விளக்கம் தருகிறது. மூன்று காரியங்கள் சேரும்போது அது மனித வியாபாரம். முதலாவது, ஓர் ஆளைச் சேர்த்தெடுத்தல், கொண்டுசெல்லல், அல்லது வைத்திருத்தல். இரண்டாவது, அதற்காகப் பலாத்காரம், ஏமாற்று, பயமுறுத்தல் அல்லது அவருடைய வறுமையைப் பயன்படுத்துதல். மூன்றாவது, அவரைச் சுரண்டும் நோக்கம். அது விபசாரமாக இருக்கலாம், கூலியில்லா உழைப்பாக இருக்கலாம், உடல் உறுப்பை எடுப்பதாகவும் இருக்கலாம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவராயின் இரண்டாவது காரியம் இல்லாவிட்டாலும் அது குற்றமே.

"அவள் சம்மதித்துத்தானே போனாள்" என்று சொல்லி நாம் பலமுறை கதையை முடித்துவிடுகிறோம். ஏமாற்றிப் பெற்ற சம்மதம் சம்மதமே அல்ல என்று அந்த உடன்பாடு சொல்கிறது. இலங்கையிலும் 2006-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி தண்டனைச் சட்டக் கோவையில் இது பாரதூரமான குற்றம்.

திருச்சபையின் போதனையும் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டில், அடிமைத்தனத்தையும் பெண்கள், சிறுவர் விற்பனையையும் மனித மாண்புக்கு எதிரான இழிசெயல்களின் வரிசையில் வைத்துக் கண்டித்தது.

கையளிக்க மறுத்த கன்னியர்

பெப்ரவரி 8-ம் திகதி புனித ஜோசப்பின் பக்கித்தாவின் திருநாள். சூடான் தேசத்தின் டார்பூர்ப் பகுதியில் 1869-ம் ஆண்டளவில் பிறந்த இவர், சிறுமியாக இருந்தபோதே கடத்தப்பட்டுப் பலமுறை கைமாறி விற்கப்பட்டார். பட்ட அதிர்ச்சியில் தாய் தந்தையர் இட்ட பெயரே அவருக்கு மறந்துபோயிற்று. "பாக்கியவதி" என்று பொருள்படும் பக்கித்தா என்னும் பெயர் அவரைப் பிடித்தவர்கள் கேலியாக வைத்தது.

1885-ல் இத்தாலிக்குக் கொண்டுவரப்பட்ட அவர், ஒரு வீட்டில் குழந்தை பார்ப்பவராக இருந்தார். பின்பு வெனிஸ் நகரில் கனோசியன் சபைக் கன்னியரிடம் ஞானோபதேசம் கற்றார். எஜமானி அவரைத் திரும்ப அழைத்துப்போக வந்தபோது, "நான் வரமாட்டேன்" என்று பக்கித்தா உறுதியாகச் சொன்னார். கன்னியரும் அவரைக் கையளிக்க இணங்கவில்லை. வழக்கு நீதிமன்றம் சென்றது. இத்தாலியச் சட்டம் அடிமைத்தனத்தை ஏற்கவில்லையாதலால் அவர் சுதந்திரமானவர் என்று 1889 நவம்பர் 29-ல் தீர்ப்பாயிற்று. அடுத்த சனவரியில் அவர் ஞானஸ்நானம் பெற்றார். பின்பு அதே சபையில் துறவியாகி, 1947-ல் இறைவனடி சேர்ந்தார். 2000-ம் ஆண்டு ஒக்டோபர் முதலாம் திகதி திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரைப் புனிதராக அறிவித்தார்.

இங்கே நாம் கற்க வேண்டியது என்ன? அக்கன்னியர் செபித்தார்கள், ஆனால் செபத்தோடு நின்றுவிடவில்லை. கதவைத் திறந்து இடம் கொடுத்தார்கள். சட்டத்தின் துணையை நாடினார்கள். முடிவு சொல்லும் உரிமையைப் பக்கித்தாவிடமே விட்டார்கள். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களின் விருப்பப்படி 2015 முதல் இந்தத் திருநாள் மனித வியாபாரத்துக்கு எதிரான உலக செப நாளாக அனுசரிக்கப்படுகிறது.

பெனின் நகரத்துப் பெண்கள்

இனி நமது காலத்துக்கு வருவோம். நைஜீரியாவின் எடோ மாநிலத் தலைநகர் பெனின். 1980-களின் பிற்பகுதி தொடங்கி அந்நகரத்திலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் இத்தாலிக்குக் கொண்டுபோகப்பட்டனர். சிகை அலங்காரம், வீட்டுவேலை, கடைவேலை என்று சொல்லியே அழைத்துச் சென்றார்கள். அழைத்தவர் பெரும்பாலும் தெரிந்த ஒரு பெண்மணி. சில வேளைகளில் உறவினர். போய் இறங்கியதும் கடவுச்சீட்டுப் பறிக்கப்படும். முப்பதாயிரம், ஐம்பதாயிரம் யூரோ என்று கடன் கணக்குக் காட்டப்படும். அதைத் தீர்க்கும் வரை தெருவில் நின்று உடலை விற்க வேண்டும். 2016-ம் ஆண்டில் மாத்திரம் சுமார் 11,000 நைஜீரியப் பெண்கள் கடல்வழியாக இத்தாலி சேர்ந்தார்கள். அவர்களுள் நூற்றுக்கு எண்பது பேர் வரையில் இந்த வியாபாரத்தில் சிக்கியவர்களாக இருக்கலாம் என்று குடிபெயர்வுக்கான சர்வதேச அமைப்பு மதிப்பிட்டது.

அவர்கள் ஏன் ஓடித் தப்பவில்லை என்று நீங்கள் கேட்கலாம். கால்களில் சங்கிலி இல்லை. சங்கிலி உள்ளத்தில் இருந்தது. புறப்படுமுன் அவர்களை ஒரு மந்திரவாதியிடம் கூட்டிச் சென்று, தலைமயிரையும் நகத்தையும் எடுத்து வைத்து, "கடனை முழுதும் தீர்ப்பேன், யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்விப்பார்கள். மீறினால் பைத்தியம் பிடிக்கும், தாய் சாவாள் என்று சொல்லி அனுப்புவார்கள். பொலிஸ்காரர் கேட்டாலும் அந்தப் பெண் வாய் திறப்பதில்லை.

கட்டை அவிழ்த்தவர்கள்

1993 நவம்பரில் தூரின் நகரக் கரித்தாஸ் நிலையத்துக்கு ஒரு நைஜீரியப் பெண் நோயோடு வந்து உதவி கேட்டாள். அங்கே இருந்தவர் அருட்சகோதரி யூஜேனியா பொனெத்தி. கொன்சொலாத்தா மறைபரப்புச் சபையைச் சேர்ந்தவர். கென்யாவில் 24 ஆண்டுகள் பணியாற்றித் திரும்பியவர். மாலைத் திருப்பலிக்குப் போகும் அவசரத்தில் அவர் இருந்தார். அந்தப் பெண்ணோ கோவிலுக்கும் பின்தொடர்ந்து வந்து, கடைசி வரிசையில் அமர்ந்து அழுதாள். அந்த அழுகை அருட்சகோதரியின் வாழ்க்கையையே திருப்பிவிட்டது. இரவில் தெருவுக்குப் போய் இப்பெண்களோடு பேசத் தொடங்கினார். இத்தாலி முழுவதும் பல துறவற சபைகள் தங்கள் மடங்களை இவர்களுக்குத் தஞ்சமாகத் திறந்தன. தப்பி வருவோருக்கு வதிவிட அனுமதி வழங்கும் சட்டமும் 1998-ல் அந்நாட்டில் வந்தது. கதவும் சட்டமும் மீண்டும் ஒன்றாய் உதவின.

ஆனால் ஊற்றை அடைக்காமல் தண்ணீரை அள்ளிக் கொட்டிப் பயன் என்ன? நைஜீரியாவின் கன்னியர் 1999-ல் பெண்களின் மாண்பு காக்கும் குழுவொன்றை அமைத்தனர். பாடசாலைகளிலும் பங்குகளிலும் சந்தைகளிலும் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் உண்மையை எடுத்துச் சொன்னார்கள். திரும்பி வந்த பெண்களை ஏற்றுத் தொழில் பழக்கினார்கள். 2009-ல் உலகத் துறவற சபைத் தலைவியரின் ஒன்றியம், யாயீரின் மகளை எழுப்பிய ஆண்டவரின் சொல்லையே பெயராகக் கொண்டு, "தலித்தா கூம்" என்னும் உலக வலையமைப்பை ஆரம்பித்தது.

அந்தச் சத்தியம்? 2018 மார்ச் மாதத்தில் பெனின் மக்களின் பாரம்பரிய அரசர் இரண்டாம் எவுவாரே, மந்திரவாதிகளை அரண்மனைக்கு அழைத்து, பெண்கள்மேல் இட்ட கட்டுகள் யாவும் செல்லாது என்று பகிரங்கமாக அறிவித்தார். இனி அப்படிச் செய்விப்போரே சாபத்துக்கு உள்ளாவர் என்றும் கூறினார். அவர் நமது வேதத்தவர் அல்லர். ஆயினும் அச்சத்தில் கட்டுண்டவர்களுக்கு அவர் சொன்ன சொல் மருந்தாயிற்று. தீமைக்கு எதிராகப் பிற சமயத்தவரோடு கைகோர்ப்பதில் கூச்சம் வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு பாடம். 2014 டிசம்பர் 2-ல் வத்திக்கானில் கத்தோலிக்க, ஆங்கிலிக்கன், கிழக்குத் திருச்சபைத் தலைவர்களோடு இந்து, பௌத்த, இஸ்லாமிய, யூதத் தலைவர்களும் இக்கொடுமைக்கு எதிரான பிரகடனத்தில் ஒன்றாகக் கையெழுத்திட்டார்கள்.

ஏரோதுவை நினையுங்கள். விருந்தினர் முன் இட்ட ஆணையைக் காப்பாற்றவென்று அவன் ஸ்நாபக அருளப்பரின் தலையை வெட்டுவித்தான். சத்தியத்தைக் காத்ததற்காக அவனைப் புகழ்வார் உண்டா? பாவத்துக்கென்று செய்த சத்தியம் எவரையும் கட்டாது. பயமுறுத்திப் பெற்ற வாக்கும் கட்டாது. இதைப் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லிக் கொடுப்பது பெற்றோரின் கடமை.

நமது கட்டுகள் எவை?

நமது ஊரில் மந்திரவாதியின் சத்தியம் இல்லை என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். "காணியை ஈடு வைத்து அனுப்பினோம், வெறுங்கையோடு வராதே" என்னும் வீட்டாரின் சொல்லும் ஒரு கட்டுத்தான். "சனம் என்ன சொல்லும்" என்னும் வெட்கம் இன்னும் இறுக்கமான கட்டு. 2022-ல் உல்லாசப் பிரயாண வீசாவில் ஓமானுக்குக் கொண்டுபோகப்பட்ட நமது நாட்டுப் பெண்கள் பட்ட துன்பம் வெளிவந்தது. அதே ஆண்டு முதல், கணினி வேலை என்று தாய்லாந்து வழியாக அழைத்துச் செல்லப்பட்ட இளைஞர்கள் மியன்மாரின் மியாவாடிப் பகுதியில் அடைக்கப்பட்டு, இணையவழி மோசடி செய்யும்படி வதைக்கப்பட்டார்கள். படித்த பிள்ளைகளும் இதில் அகப்பட்டார்கள் என்பதை மறவாதீர்கள்.

ஆகவே உங்கள் வீட்டில் ஒருவர் வெளிநாடு புறப்படுகிறார் என்றால் இவற்றைச் செய்யுங்கள்:

1. முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா, அந்த வேலைக்கு அனுமதி பெறப்பட்டதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரியுங்கள். அதன் தொலைபேசி இலக்கம் 1989. உறவினர் கொண்டுவந்த வேலை என்றாலும் விசாரியுங்கள்.

2. உல்லாசப் பிரயாண வீசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

3. கடவுச்சீட்டு, ஒப்பந்தம் ஆகியவற்றின் பிரதிகள் வீட்டில் இருக்கட்டும். அருகில் ஆள் நின்றாலும் ஆபத்தை உணர்த்தக்கூடிய ஒரு சொல்லைக் குடும்பத்துக்குள் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

4. "என்ன நடந்தாலும், எவ்வளவு கடன் இருந்தாலும், நீ திரும்பி வா, கதவு திறந்திருக்கும்" என்று புறப்படுமுன் வாய்திறந்து சொல்லுங்கள். இது மற்ற எல்லாவற்றிலும் முக்கியமானது.

பங்கு என்ன செய்யலாம்? நற்சான்றுக் கடிதம் கேட்டு வரும் இளைஞரிடம், எங்கே, யார் மூலம், எந்த வீசாவில் போகிறீர் என்று பங்குத் தந்தை அன்போடு விசாரிக்கலாம். வின்சென்ட் டி போல் சபையும் மாதர் சங்கமும் வட்டிக் கடனில் மூழ்கும் குடும்பங்களை முன்கூட்டியே கண்டு உதவலாம். முகவர்கள் தேடி வருவது அந்த வீடுகளைத்தான். சிறுவர் யாரேனும் வேலைக்கு அனுப்பப்படுவதாக அறிந்தால் 1929 என்னும் இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

யாராவது நொந்து திரும்பி வந்தால்? அவரைப் பற்றிக் கோவில் முற்றத்தில் கதை வளர்ப்பவர், கடத்தல்காரன் இட்ட கட்டை இன்னும் இறுக்குகிறவர் ஆவார். அவர் விரும்பினால் பேசட்டும், விரும்பாவிட்டால் விடுங்கள். முன்பு போலவே பெயர் சொல்லி அழையுங்கள். பாடகர் குழுவில் அவருடைய இடம் அவருக்கே இருக்கட்டும். தாய் தந்தையர் இட்ட தன் பெயரைக்கூட இழந்த ஒரு சிறுமியை, தம் மகளாக ஏற்றுக்கொண்டவர்கள் இருந்ததனால் அல்லவா இன்று நாம் பீடத்தில் வைத்து வணங்குகிறோம்?

குடும்பத்தில் கலந்து பேசுவதற்கு:

1. யோசேப்பின் சகோதரர்கள் அவரை விற்கத் துணிந்ததற்குக் காரணங்கள் எவை? அவை நம்மிடையேயும் உண்டா?

2. வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளை நம்மிடம் சொல்லப் பயப்படும் காரியம் எதுவாக இருக்கலாம்? அந்தப் பயத்தை நாம்தான் உண்டாக்கினோமா?

3. நமது அயலில் கடனாலும் வெட்கத்தாலும் கட்டுண்ட ஒரு குடும்பத்துக்கு இந்த மாதம் நாம் செய்யக்கூடிய ஓர் உதவி எது?