வண்ண மீன் கடையிலிருந்து வந்த மீனை இனங்காணும் முறை

ஊராட்சிகளின் பொறுப்பிலுள்ள குளங்களும் குட்டைகளும் ஊருணிகளும் பாசனத்திற்கும் கால்நடைகளுக்கும் பயன்படுவதோடு, மீன்பாசி ஏலத்தின் வாயிலாக வருவாயையும் அளிக்கின்றன. இவற்றிற்கு ஒரு புதுவகை இடர் வண்ண மீன் கடைகளின் வழியாக வந்து சேர்கின்றது. வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்க்கும் பழக்கம் இன்று சிற்றூர்களிலும் பரவியுள்ளது. விரல் நீளமாக வாங்கி வந்த மீன் ஓராண்டில் முழ நீளமாகி, தொட்டியில் திரும்பவும் இடமின்றித் தவிக்கும். அதனைக் கொல்ல மனம் வராமல், ஜீவகாருண்யம் கருதி ஊருணியிலே விட்டுவிடுவர். நல்லெண்ணத்தால் செய்யப்படும் இச்செயல் குளத்தையே கெடுத்துவிடக் கூடும். எனவே, கடையிலிருந்து வந்த மீன் இன்னதென்று கண்டறியும் முறையை ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் தெரிந்துகொள்வது நலம்.

கடைப் பெயர் போதாது

மீனின் பெயரைக் கடைக்காரரிடம் கேட்டால் போதாதோ என்று வினவலாம். போதாது. கடையில் வழங்கும் பெயர் விற்பனைக்காக ஏற்பட்டது. 'ஷார்க்' என்று விற்கப்படும் மீன்களுள் ஒன்று சுறாவே அன்று; தென்கிழக்கு ஆசியாவின் மீகாங் ஆற்றைச் சேர்ந்த ஒரு கெளுத்தி வகை. பண்ணைகளில் பங்காசியஸ் என்ற பெயரில் வளர்க்கப்படுவதும் அதுவே. தொட்டியில் அழகாகத் துள்ளும் அச்சிறு மீன் ஒரு மீட்டருக்கு மேலும் வளரவல்லது. 'பிரானா' என்று விற்கப்படுவது பெரும்பாலும் பாக்கு என்னும் வேறொரு மீன். சந்தையில் ரூப்சந்த் என்ற பெயரில் உணவுக்கும் விற்கப்படுகின்றது. ஆகவே, பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். முடிவை மீனின் உடலைப் பார்த்தே செய்தல் வேண்டும்.

நோக்க வேண்டிய ஆறு அடையாளங்கள்

நிறத்தைக் கொண்டு மீனை அறிய முற்படுவது வழக்கம். ஆனால் நிறம் வயதிற்கும் நீருக்கும் உணவுக்கும் ஏற்ப மாறும். கலப்பினங்களில் நிறமே வேறாகும். அதனைக் கடைசியில் வைத்துக்கொண்டு, பின்வருவனவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும்.

1. உடலின் போர்வை: கெண்டைக்கும் விராலுக்கும் செதிள் உண்டு. கெளுத்திக்குச் செதிள் இல்லை, தோல் வழவழப்பானது. சில வெளிநாட்டு மீன்களுக்கு இவ்விரண்டுமின்றி எலும்புத் தகடுகளே போர்வையாக இருக்கும்.

2. மீசை: உண்டா, இல்லையா? உண்டெனில் எத்தனை இணை? நம் நாட்டுக் கெளுத்திக்கு நான்கு இணை மீசைகள் உள்ளன.

3. வாயின் நிலை: கட்லாவின் வாய் மேல்நோக்கியிருக்கும், அது நீரின் மேற்பரப்பில் மேய்வது. மிர்காலின் வாய் கீழ்நோக்கியிருக்கும். அது அடியில் மேய்வது. வாயைக் கண்டால் உணவை ஊகிக்கலாம்.

4. துடுப்புகள்: முதுகுத் துடுப்பு ஒன்றா, இரண்டா? அதன் முன்புறம் முள் உள்ளதா? முள்ளுக்குப் பின்னுள்ள மெல்லிய கதிர்கள் எத்தனை? முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் இடையே சிறிய கொழுப்புத் துடுப்பு உள்ளதா? கதிர்களின் எண்ணிக்கை மீனின் வயதோடு மாறுவதில்லை. ஆதலின் அது நம்பத்தக்க சான்று.

5. பக்கக்கோடு: உடலின் பக்கவாட்டில் செவுளிலிருந்து வால்வரை ஓடும் கோடு முழுமையாக உள்ளதா, முறிந்துள்ளதா? ஜிலேபி மீனுக்கு அக்கோடு இரண்டாக முறிந்திருக்கும்.

6. வாலின் வடிவம்: பிளவுபட்டதா, வட்டமானதா, நேராக வெட்டியது போன்றதா?

இவற்றோடு நீளத்தையும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். மீனை ஈரத் துணியின் மீது கிடத்தி, அருகில் அளவுகோல் ஒன்றை வைத்து, பக்கவாட்டிலும் வயிற்றுப் புறத்திலும் கைப்பேசியால் படமெடுத்துக்கொள்வது மிகவும் பயனுடையது.

ஓர் எடுத்துக்காட்டு

'தொட்டி சுத்தம் செய்யும் மீன்' அல்லது 'சக்கர் மீன்' என்று விற்கப்படும் மீனை இம்முறையில் ஆராய்வோம். உடலின் மேற்புறமும் பக்கங்களும் வரிசை வரிசையான எலும்புத் தகடுகளால் மூடப்பட்டுள்ளன, தடவினால் சொரசொரக்கும். மீசை ஒரே இணை. வாய் தலையின் அடிப்புறத்தில் வட்டமாக அமைந்து, கண்ணாடியைப் பற்றிக்கொள்கிறது. கொழுப்புத் துடுப்பு உண்டு. அதன் முன்னே ஒரு சிறு முள்ளும் உண்டு. இத்தனையும் ஒருங்கே அமைந்த மீன் நம் நாட்டு நீர்நிலைகளில் இயற்கையாக இல்லை. இது தென் அமெரிக்காவைச் சேர்ந்த கவசக் கெளுத்திக் குடும்பம் என்று துணியலாம்.

அக்குடும்பத்திலும் பல பிரிவுகள் உள. அடுத்து முதுகுத் துடுப்பை விரித்து, முன்முள்ளை நீக்கி, எஞ்சிய கதிர்களை எண்ண வேண்டும். ஏழு கதிர்களே இருப்பின் அது வேறு பிரிவு. பத்தும் அதற்கு மேலும் இருந்து, துடுப்பு பாய்மரம் போல உயர்ந்து தோன்றினால், அது டெரிகாப்ளிக்திஸ் என்னும் பிரிவு. ஐந்தாறு சென்டிமீட்டர் அளவில் கடையில் விற்கப்படும் இது 40 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். வயிற்றிலுள்ள புள்ளிகள் தனித்தனியாக உள்ளனவா, புழுக்கள் போல் இணைந்துள்ளனவா என்பதைக் கொண்டு அறிஞர்கள் இதன் இனங்களை மேலும் பிரிப்பர். அவ்வினங்கள் தம்முள் கலப்பதால் அம்முடிவு எளிதன்று. ஊராட்சியைப் பொறுத்தவரை, பிரிவை அறிந்தாலே செயலில் இறங்கப் போதுமானது.

அஞ்ச வேண்டிய காரணம்

இம்மீன் முட்டையிடுவதற்குக் கரை மண்ணில் ஏறத்தாழ ஒரு மீட்டர் வரை வளை தோண்டும். ஆண் மீன் உள்ளிருந்து முட்டைகளைக் காக்கும். பல மீன்கள் அடுத்தடுத்துத் தோண்டினால் கரை அரிக்கப்படும். மண் கரையையே நம்பியிருக்கும் நம் ஏரிகளுக்கு இது எத்தகைய கேடு என்பதைக் கூற வேண்டியதில்லை. இரைப்பையின் வாயிலாகக் காற்றை உட்கொள்ளும் ஆற்றல் இதற்கு உண்டு. ஆதலால் கெட்ட நீரிலும் பிழைக்கும், நீருக்கு வெளியே பல மணி நேரம் உயிரோடிருக்கும். பாசியையும் அடிமண்ணிலுள்ள கழிவையும் மேய்ந்து, நம் மீன்களின் உணவைக் குறைக்கும். முள்ளும் தகடும் வலையைக் கிழிக்கும்.

திருவனந்தபுரத்திற்கு அருகிலுள்ள குளங்களில் இவ்வகை மீன் காணப்பட்டதை ஆய்வாளர்கள் 1998 ஆம் ஆண்டிலேயே பதிவு செய்தனர். சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளிலும் இது பரவியுள்ளது. மெக்சிகோ நாட்டின் இன்பியர்னில்யோ நீர்த்தேக்கத்தில் ஜிலேபி மீன் பிடித்துப் பிழைத்தவர்களின் வலைகளில், பின்னாளில் விலை போகாத இம்மீனே குவிந்தது. பலர் தொழிலை இழந்தனர்.

வந்த மீனைத் திருப்பியனுப்புவது அரிது என்பதற்கு நம் கண்முன்னே சான்று உண்டு. 1952 ஆம் ஆண்டு இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி மீன் இன்று நீக்க முடியாதபடி நம் குளங்களில் நிலைத்துவிட்டது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பதை மத்திய அரசு 2000 ஆம் ஆண்டில் தடை செய்தும், அது பல நீர்நிலைகளில் காணப்படுகிறது.

ஊராட்சி செய்ய வேண்டுவன

முதலாவது, இன்னதென்று உறுதியாகத் தெரியாத எந்த மீனையும் குளத்தில் விடலாகாது என்னும் விதியைக் கிராம சபையில் எடுத்துரைத்துத் தீர்மானம் செய்யலாம். இரண்டாவது, வளர்க்க இயலாத மீனைக் கடையிலேயே திருப்பிக் கொடுக்கவோ, பெரிய தொட்டி உடையவரிடம் ஒப்படைக்கவோ பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். மூன்றாவது, குத்தகைதாரரின் வலையில் புதிய மீன் சிக்கினால் மீண்டும் நீரில் எறியாமல், படமெடுத்து, பிடித்த இடத்தையும் நாளையும் குறித்து, பனிக்கட்டியில் வைத்து, மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் காட்ட வேண்டும். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியும், சென்னையிலுள்ள இந்திய விலங்கியல் அளவைத் துறையின் மண்டல நிலையமும் இத்துறையில் வல்லுநர்களைக் கொண்டவை. நான்காவது, கோடையில் நீர் வற்றும்போது கரையில் வளைகள் உள்ளனவா என்று பார்த்து, இருப்பின் அவற்றிலுள்ள மீன்களை அகற்றி, மழைக்கு முன்னரே மண்ணிட்டு இறுக்க வேண்டும்.

இவற்றிற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. ஓர் அளவுகோலும், எண்ணிப் பார்க்கும் பொறுமையும் போதும். அயிரையும் குறவையும் ஆராலும் விராலும் நம் குளங்களில் இனியும் துள்ள வேண்டுமாயின், அவற்றின் நடுவே புகும் அந்நியனை வாயிலிலேயே அடையாளங்கண்டு நிறுத்துதல் நம் கடமையாகும்.