விமானம் வாங்குகிறார்கள் என்பதற்காக விமானி ஆகாதீர்கள்

2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்கள் வாங்கப்போவதாக அறிவித்தது. அன்றிலிருந்து பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் யோசனை கேட்க வரும் பெற்றோர் பெருகிவிட்டார்கள். எல்லோரும் ஒரே கணக்கைத்தான் சொல்கிறார்கள். ஏர்பஸ்ஸிடம் 250, போயிங்கிடம் 220, இத்தனையையும் ஓட்ட ஆள் வேண்டாமா? பேசுவதெல்லாம் அப்பா. பையன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

விமானத் துறையில் பிளஸ் டூ மாணவருக்குத் திறந்திருக்கும் முக்கிய வழிகள் நான்கு: விமானி, பராமரிப்புப் பொறியாளர், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், ஏரோநாட்டிக்கல் பட்டதாரி. கடைசி மூன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதலாவதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ.வின் தேர்வுகளிலும் முதல் வகுப்பு மருத்துவச் சோதனையிலும் தேற வேண்டும். பயிற்சி பெரும்பாலும் செஸ்னா போன்ற சிறு விமானத்தில். ஏ320-ஐயோ 737-ஐயோ ஓட்ட அந்தந்த ரகத்துக்கென்று தனிப் பயிற்சி உண்டு. ஒன்றுக்கு வாங்கிய தகுதி மற்றதற்குச் செல்லாது. எல்லாம் சேர்த்தால் செலவு அரைக் கோடியைத் தாண்டிவிடும். நிலத்தை விற்று அதைக் கட்டிய பிறகும் வேலைக்கு உத்தரவாதம் கிடையாது. காத்திருக்கும் காலத்தில் கையிலுள்ள தகுதிகள் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ள மறுபடியும் பணம் கட்ட வேண்டும்.

ஆர்டர் கொடுத்த மறுநாளே விமானம் வந்து நிற்பதில்லை. ஏர் இந்தியா 2006-இல் அறிவித்த 27 போயிங் 787-களில் முதலாவது வந்து சேர்ந்தது 2012 செப்டம்பரில். ஐந்து மாதம்கூட ஆகவில்லை, 2013 ஜனவரியில் பேட்டரிக் கோளாறால் உலகெங்கும் அந்த ரகத்தையே தரையில் நிறுத்தினார்கள். 2006 செய்தியை நம்பிக் கடன் வாங்கிய குடும்பம் அத்தனை ஆண்டும் வட்டி கட்டியிருக்கும். 2012-இல் கிங்ஃபிஷர், 2019-இல் ஜெட் ஏர்வேஸ் என்று நிறுவனங்களே மூடிப்போயின. 470 விமானச் செய்தி வந்த மூன்றாம் மாதம் கோ ஃபர்ஸ்ட் பறப்பதை நிறுத்தியது. நிறுவனம் மூடும்போதெல்லாம் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த விமானிகள் வேலை தேடி வருவார்கள். 200 மணி நேரக்காரன் அவர்களோடுதான் வரிசையில் நிற்க வேண்டும்.

வேலை கிடைத்தாலும் அது அப்படியே நிற்காது. ஒரு காலத்தில் வானொலி அதிகாரி, நேவிகேட்டர், ஃபிளைட் இன்ஜினியர் என்று விமானிகளோடு காக்பிட்டில் உட்கார்ந்திருந்த ஆட்களும் உண்டு. 1948-இல் பம்பாயிலிருந்து லண்டன் போன கான்ஸ்டலேஷன் காலத்து வேலைகள் இவை. ஏர் இந்தியாவுக்கு 1960-இல் போயிங் 707 வந்தது; 1971-இல் வந்த முதல் 747-இலும் ஃபிளைட் இன்ஜினியருக்கு இடமிருந்தது. 1986-இல் ஏ310-உம், 1993-இல் 747-400-உம் இரண்டே பேர் ஓட்டும் விமானங்களாக வந்து இறங்கின. அந்த நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. விமானம் மாறினால் வேலையும் மாறும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இனி மற்ற வழிகள். பராமரிப்புப் பொறியாளர், அதாவது ஏ.எம்.இ., ஆக வேண்டுமானால் டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த நிறுவனத்தில் படித்து, தேர்வுகளை எழுதி, அனுபவக் காலத்தை முடிக்க வேண்டும். எந்திரப் பக்கம் பி1, மின்னணுப் பக்கம் பி2. இவர் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் கிளம்பும். என் பணிக்காலமெல்லாம் ஹேங்கரில் கழிந்தது. ஆகவே என் தராசு இந்தப் பக்கம் கொஞ்சம் தாழும். ஆனாலும் சொல்கிறேன்: அலுமினியத் தகட்டில் ரிவெட் அடிக்கக் கற்றவர்கள், எடையில் பாதி கார்பன் இழைக் கலவையான 787 வந்தபோது மறுபடி வகுப்பில் உட்கார்ந்தார்கள், வேலையில் நிலைத்தார்கள்.

வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கு இந்திய விமான நிலைய ஆணையம் ஆள் எடுக்கிறது. இயற்பியலும் கணிதமும் உள்ள பி.எஸ்ஸி. அல்லது பொறியியல் பட்டம் போதும், போட்டித் தேர்வு கடினம். அரசு வேலை என்பதற்காக மட்டும் போகாதீர்கள். நெருக்கடியில் பதறாத மனம் வேண்டும்.

ஏரோநாட்டிக்கல் பி.இ. விமானத்தை வடிவமைக்கும் படிப்பு. குரோம்பேட்டை எம்.ஐ.டி. போன்ற நல்ல இடத்தில் கிடைத்தால், கணிதத்தில் காதல் இருந்தால் சேருங்கள். அந்தப் பட்டம் மட்டும் இருந்தால் ஹேங்கரில் விமானத்தை விடுவிக்கக் கையெழுத்துப் போட முடியாது என்பதைச் சேரும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

விமானி ஆகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பணம் கட்டுவதற்கு முன் முதல் வகுப்பு மருத்துவச் சோதனையை முடித்துவிடுங்கள். ரகப் பயிற்சிக்கு அவசரப்படாதீர்கள். எந்த நிறுவனம் எந்த விமானத்துக்கு ஆள் எடுக்கிறது என்று தெரிந்த பிறகு கட்டலாம். வேலை கிடைக்க மூன்று வருடம் ஆனாலும் குடும்பம் தாங்குமா என்று உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளையைப் பேசவிடுங்கள். பழுதான மிக்ஸியைப் பிரித்துப் பார்க்கிறானா, வரைபடத்தைப் பார்த்து வழி சொல்கிறானா, சத்தத்துக்கு நடுவிலும் நிதானமாக இருக்கிறானா என்று ஒரு வருடம் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஊரில் நாலு பேர் போகிறார்கள் என்று போன பிள்ளை முதல் மந்தத்திலேயே தளர்ந்துவிடுவான். பிடித்துப் போன பிள்ளை அடுத்த ரகம் வரும்வரை காத்திருப்பான்; வந்ததும் புத்தகத்தைத் திறப்பான். எந்தத் துறையானாலும் கடைசியில் கை கொடுப்பது இந்தப் பொறுமைதான். ஆர்டர் எண்ணிக்கையைப் பார்த்து அதை வாங்க முடியாது.