தலையைக் கேட்டு ஷாம்பு கொடுப்போம்

"அண்ணாச்சி, பார்லர்ல போடுறாங்களே, அந்த ஷாம்பு இருக்கா?" என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் இப்போது சிற்றூர் மளிகைக் கடைகளுக்கும் வருகிறார்கள். "இல்லைம்மா" என்று சொன்னால் அவர் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய்விடுவார். ஷாம்புக்காகப் போனவர் பருப்பையும் எண்ணெயையும் அங்கேயே வாங்கிக்கொண்டு திரும்புவார். சரி, எதையோ எடுத்துக் கொடுத்துவிடுவோம் என்றால், அது அவர் தலைக்கு ஒத்துக்கொள்ளாதபோது கம்பெனியை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்; "அந்தக் கடைக்காரர் கொடுத்தது" என்றுதான் தெரு முழுக்கப் பேச்சாகும். ஆகவே அரிசி ரகத்தை அறிந்து விற்பது போல ஷாம்பு ரகத்தையும் நாம் அறிந்து விற்க வேண்டிய காலம் இது.

1983-ல் கடலூரில் தொடங்கிய சிக் போன்ற பாக்கெட் ஷாம்புகள் வந்த நாளிலிருந்து சரம் சரமாகத் தொங்கவிட்டு விற்றுப் பழகியவர்கள் நாம். அதில் யோசனை சொல்ல வேண்டிய வேலை இல்லை. பல நூறு ரூபாய் பாட்டில் விற்கும்போது யோசனையும் சேர்த்துத்தான் விற்க வேண்டும்.

சலூன் தரம் என்றால் என்ன?

"சலூன்", "புரொபஷனல்" என்ற சொற்களுக்கென்று தனி அரசு முத்திரை எதுவும் கிடையாது. கம்பெனிகள் தாங்களே போட்டுக்கொள்ளும் பெயர் அது. பார்லருக்கு வருகிறவர்களில் பலர் சாயம் பூசியவர்கள், முடியை நேராக்கிக்கொண்டவர்கள். அப்படிப்பட்ட முடிக்கென்று மென்மையாகக் கழுவும் சரக்கும், வழவழப்பு தரும் சரக்கும் சேர்த்துச் செய்யப்பட்டவைதான் இவற்றில் பல. தினமும் தேங்காய் எண்ணெய் தேய்க்கும் தலையில் இதே ஷாம்புவைப் போட்டால் பிசுக்குப் போகாது. "ஆறுநூறு ரூபாய் கொடுத்தும் அழுக்குப் போகலையே" என்று அவர் திரும்பி வருவார். ஷாம்பு கெட்டதல்ல; ஆள் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

ஷாம்பு செய்யும் வேலை

தலைத்தோலில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை சுரக்கிறது. அதில் தூசியும் வியர்வையும் ஒட்டிக்கொள்கின்றன. ஷாம்புவில் உள்ள கழுவும் பொருளின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். தண்ணீர் ஊற்றும்போது இரண்டும் சேர்ந்து போய்விடும். குளிக்கிற சோப்பு உப்புத் தண்ணீரில் திரிந்து முடியில் வெள்ளையாகப் படியும். ஷாம்பு அப்படித் திரிவதில்லை. ஆழ்குழாய்த் தண்ணீர் ஊர்களில் ஷாம்பு நன்றாக ஓட இதுவும் ஒரு காரணம்.

வாடிக்கையாளர் பார்ப்பது இரண்டு: நுரையும் கெட்டியும். இரண்டுமே தரத்துக்கு அளவுகோல் அல்ல. எண்ணெய்த் தலையில் முதல் கழுவலில் எந்த ஷாம்புவும் நுரைக்காது. இரண்டாம் முறை நுரைக்கும். கெட்டித்தன்மையோ பல ஷாம்புகளில் சாதாரண உப்பைச் சேர்த்தே வரவழைக்கப்படுகிறது. "தண்ணியா இருக்கே" என்று ஒருவர் சொன்னால் இதை எடுத்துச் சொல்லலாம்.

நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. ஷாம்பு தலைத்தோலுக்கு, கண்டிஷனர் முடிக்கு. தலைத்தோல் எப்படி இருக்கிறது என்று பார்த்து ஷாம்புவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முடியின் நுனி எப்படி இருக்கிறது என்று பார்த்துக் கண்டிஷனரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிக் குறைகள் வருகின்றன.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

1. தலைக்கு எண்ணெய் வைக்கிறீர்களா? எத்தனை நாளுக்கு ஒருமுறை குளிக்கிறீர்கள்?
2. கழுவிய மறுநாளே பிசுபிசுக்கிறதா, நாலு நாள் ஆனாலும் வறண்டே இருக்கிறதா?
3. சாயம் பூசியதோ, முடியை நேராக்கியதோ உண்டா?
4. பொடுகு, அரிப்பு உண்டா?

இதைக் கேட்க ஒரு நிமிடம் ஆகாது. வேறு வாடிக்கையாளர்கள் நிற்கும்போது உரக்கக் கேட்கக் கூடாது. பொடுகையும் முடி கொட்டுவதையும் நாலு பேர் முன்னால் சொல்லப் பெண்கள் கூச்சப்படுவார்கள்.

தலைக்கேற்ற சரக்கு

எண்ணெய்ப் பிசுக்குத் தலை: நன்றாகக் கழுவும் சாதாரண ஷாம்புவே போதும். லேபிளில் லாரில் சல்பேட், லாரெத் சல்பேட் என்று இருப்பவை அழுத்தமாகக் கழுவுபவை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பவருக்கு இவை வேண்டும். சீயக்காயும் இங்கே நல்ல வேலை செய்யும். நம் அலமாரியில் இருக்கும் சரக்கை நாமே மட்டமாகப் பேச வேண்டாம். ஆனால் "சீயக்காய் ஷாம்பு" என்ற பெயரில் வரும் பாட்டிலில் பெரும்பாலும் கழுவுவது வேறு பொருள், சீயக்காய்ச் சாறு கொஞ்சம்தான். லேபிளைப் பார்த்தால் தெரியும்.

வறண்ட, சொரசொரப்பான முடி: டைமெத்திகோன் போன்ற சிலிக்கோன் சேர்ந்தவை முடிமேல் மெல்லிய பூச்சாகப் படிந்து சிக்கலைக் குறைக்கும். கூடவே கண்டிஷனர் கொடுக்கலாம். அதைத் தலைத்தோலில் தேய்க்காமல் நுனிப் பக்கம் மட்டும் போடச் சொல்ல வேண்டும்.

மெல்லிய, அடர்த்தி குறைந்த முடி: மேலே சொன்ன பூச்சுச் சரக்கு இவர்களுக்கு ஆகாது. முடி தலையோடு ஒட்டிப் படிந்து இன்னும் குறைவாகத் தெரியும். இலகுவான ஷாம்பு போதும்.

சுருட்டை முடி: தலைத்தோலின் எண்ணெய் வளைவுகளைத் தாண்டி நுனி வரை இறங்காது. அதனால் வேர் பிசுபிசுத்தாலும் நுனி வறண்டிருக்கும். மென்மையான ஷாம்புவும் கண்டிஷனரும் சேர்ந்து போக வேண்டும்.

சாயம் பூசியது, நேராக்கியது: உண்மையில் சலூன் பாட்டிலுக்கு உரியவர் இவரே. சல்பேட் இல்லாதவை இவருக்குப் பொருந்தும். பார்லரில் ஏதாவது பெயர் சொல்லியிருந்தால் அதையே கேட்டு வரவழைத்துக் கொடுப்பது நல்லது.

பொடுகு: இது அழுக்கால் வருவதல்ல, தலைத்தோலில் வாழும் ஒருவகைப் பூஞ்சை மிகுவதோடு சேர்ந்து வருவது. எண்ணெய் தேய்த்தால் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது கூடத்தான் செய்யும். ஜிங்க் பைரிதியோன், பிரொக்டோன் ஓலமைன் போன்றவை சேர்ந்த ஷாம்புவைக் கொடுத்து, போட்டவுடன் கழுவாமல் மூன்று முதல் ஐந்து நிமிடம் ஊறவிடச் சொல்லுங்கள். ஊறவிடாததால்தான் "வேலை செய்யலை" என்ற புகார் பெரும்பாலும் வருகிறது. கீட்டோகோனசோல் ஷாம்பு மருந்துச் சரக்கு. மருந்து உரிமம் இல்லாத நாம் அதை வைத்து விற்கக் கூடாது.

குழந்தைகள்: குழந்தைகளுக்கென்று உள்ளதை மட்டுமே கொடுக்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே பாட்டில் என்பவரிடமும் இதைச் சொல்லிவிடுவது நம் கடமை.

பாட்டிலின் முதுகைப் படியுங்கள்

முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம்தான் சரக்கு. சேர்மானப் பட்டியலில் அதிகம் உள்ளது முதலில் வரும். தண்ணீருக்கு அடுத்து வருவது பெரும்பாலும் கழுவும் பொருள். ஒரு சதவீதத்துக்குக் குறைந்தவை கடைசியில் எந்த வரிசையிலும் வரலாம். பாதாம், கெரட்டின், ஆர்கன் எண்ணெய் என்று முன்னால் பெரிதாகப் போட்டு, பட்டியலில் வாசனைப் பொருளுக்கும் பின்னால் வந்தால் அதன் அளவு என்னவென்று நமக்கே விளங்கும். சிறு பாக்கெட்டுகளில் இந்தப் பட்டியல் இல்லாமலும் இருக்கலாம்.

கொள்முதலின்போது பேட்ச் எண், தயாரிப்பு உரிம எண், பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி, எம்.ஆர்.பி. இவற்றைப் பார்க்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். விலை உயர்ந்த பாட்டில்களில்தான் போலியும் வருகிறது. பில் இல்லாமல் பாதி விலைக்கு யாராவது கொண்டுவந்தால் தொட வேண்டாம். பிடிபட்டால் கொண்டுவந்தவன் இருக்க மாட்டான். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

கணக்குப் போட்டுக் காட்டுங்கள்

உதாரணமாக 180 மில்லி பாட்டில் 180 ரூபாய், 250 மில்லி சலூன் பாட்டில் 650 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முன்னது மில்லி 1 ரூபாய். பின்னது 2 ரூபாய் 60 காசு. ஒரு குளியலுக்கு 8 மில்லி என்றால் 8 ரூபாய்க்கு எதிராக 20 ரூபாய் 80 காசு. மாதம் எட்டுக் குளியலுக்கு 64 ரூபாயும் 166 ரூபாய் 40 காசும் ஆகும். சாயம் பூசிய தலைக்கு இந்த வித்தியாசம் தகும். எண்ணெய் வைக்கும் தலைக்கு வீண். இதை நாமே சொல்லிவிட்டால் இன்று விற்பனை குறைந்தாலும், அந்த வாடிக்கையாளர் நம்மை விட்டுப் போகமாட்டார்.

நமக்கும் கணக்கு உண்டு. அந்தச் சலூன் பாட்டிலை ஒரு டஜன் எடுத்தால் எம்.ஆர்.பி.யில் 7,800 ரூபாய்ச் சரக்கு அலமாரியில் உட்கார்ந்துவிடும். அந்த முதல் பருப்பிலும் எண்ணெயிலும் இருந்தால் வாரத்துக்கு வாரம் சுழலும். ஆகவே ரகத்துக்கு இரண்டு பாட்டில் போதும். நோட்டில் யார் வாங்கினார், என்று வாங்கினார் என்று குறித்துவைத்தால் அடுத்த கொள்முதல் தானே தெரியும். ஷாம்புக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் அந்த வீதம் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சொல்லக் கூடாதது

"இதைப் போட்டால் முடி வளரும்" என்று மட்டும் சொல்லக் கூடாது. வெளியே தெரியும் முடிக்கு உயிரில்லை. வளர்வது தோலுக்குள் இருக்கும் வேரில். ஷாம்பு சில நிமிடத்தில் கழுவிப் போய்விடும் பொருள். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. கடும் காய்ச்சலுக்குப் பிறகும் பிரசவத்துக்குப் பிறகும் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாக உதிர்வதும் உண்டு. பெரும்பாலும் அது தானே சரியாகும். வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, தோல் சிவந்து புண்ணானாலோ, பொடுகு ஷாம்பு நான்கு வாரம் போட்டும் குறையாவிட்டாலோ, "டாக்டரைப் பாருங்கம்மா" என்று சொல்லி அனுப்புவதே முறை. அன்று ஒரு பாட்டில் விற்காமல் போகலாம். ஆனால் நோயை மறைத்து விற்ற கடை என்ற பெயர் வராது.

கடைப் பையன்களுக்கு அந்த நான்கு கேள்விகளையும் இந்த வாரமே சொல்லிக்கொடுங்கள். அட்டையில் எழுதி ஷாம்பு அலமாரியின் உட்புறம் ஒட்டிவையுங்கள். பெரிய கடைகளில் அலமாரி நீளம்; ஆனால் பக்கத்தில் நின்று கேட்டு எடுத்துக் கொடுக்க அங்கே ஆள் இருப்பது அரிது. அந்த இடம் நம்முடையது.