ஜோடியைக் கடையில் தேடாதே

அன்புள்ள தம்பி,

இரண்டடித் தொட்டிக்கு ஒரு ஜோடி ஆஸ்கர் மீன் போதுமா, கூட இரண்டு சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். ஒன்றுகூட வேண்டாம். கொளத்தூர்க் கடையில் விரல் நீளத்தில் நீ பார்த்த குட்டி, ஒழுங்காகத் தீனி போட்டால் ஒரு வருடத்தில் முக்கால் அடியைத் தாண்டிவிடும். உன் தொட்டியின் அகலமே ஓரடிதான். அது திரும்பவே திணறும். ஆஸ்கருக்கு நான்கடித் தொட்டி வேண்டும். அதில் தண்ணீர் மட்டுமே 250 கிலோ இருக்கும். மாடியில் அந்த எடையை வைக்கலாமா என்று வீட்டுக்காரரிடம் முதலில் கேட்டுப் பார்.

ஏஞ்சல் வளர்த்துப் பார். எல்லாரும் வைத்திருக்கிற மீன்தானே என்று முகம் சுளிக்காதே. மூன்றடி நீளம், ஒன்றரை அடி உயரத்தில் தொட்டி கட்டச் சொல். துடுப்புகளோடு சேர்த்தால் நீளத்தைவிட உயரம் அதிகமுள்ள மீன் அது. பூர்வீகம் அமேசான் என்றாலும், நம் கடைகளில் இருப்பவை பல தலைமுறைகளாகப் பண்ணையில் பிறந்தவை. அங்குள்ள ரியோ நீக்ரோ ஆற்றின் தண்ணீர் கட்டங்காப்பி நிறத்தில், உப்பே இல்லாமல், பிஹெச் ஐந்துக்கும் கீழே இருக்கும். பண்ணை ஏஞ்சலுக்கு அதெல்லாம் தேவையில்லை, நம் போர் தண்ணீருக்கே பழகிவிட்டது. ஆகவே பிஹெச் இறக்கும் மருந்தை வாங்காதே. நம் கடினத் தண்ணீர் பிஹெச்சை மறுநாளே பழைய நிலைக்கு இழுத்துவிடும். அந்த ஏற்ற இறக்கம்தான் மீனைக் கொல்லும். தெருவோரப் பாதாம் மரத்தின் காய்ந்த இலைகள் இரண்டு போடலாம். தண்ணீர் லேசாக நிறம் மாறும், மீனுக்கு மறைவும் கிடைக்கும். அதற்குமேல் அதிசயம் எதையும் எதிர்பார்க்காதே.

புதுத் தொட்டியின் ஃபில்டரில் பாக்டீரியா ஊறி நிலைக்க நாலைந்து வாரமாகும். அதுவரை மீன் கழிவின் அம்மோனியா தண்ணீரில் சேரும்; நம் ஊர்த் தண்ணீரின் உயர்ந்த பிஹெச்சில் அதன் விஷம் இன்னும் கூடும் என்பதால் இதில் மட்டும் அவசரப்படாதே. பிறகு வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மாற்று. ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதே, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசு. மே மாதத்தில் ஹீட்டரைக் கழற்றி வைத்துவிட்டு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கு. சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவு. கரண்ட் போனால் முதலில் திணறுவது மீன்தான்.

இனி ஜோடி. கடையில் ஒரே தொட்டியில் கிடக்கும் இரண்டு மீனைப் பிடித்து, ஜோடி என்று கூடுதல் விலை சொல்வார்கள். முட்டையிடும் சமயத்தில் வெளியே தெரியும் குழாயைப் பார்க்காமல் ஏஞ்சலில் ஆண், பெண் சொல்வது கஷ்டம். பெண்ணுக்கு அது தடித்து மழுங்கியிருக்கும், ஆணுக்குக் கூராக இருக்கும். நீ ஆறு குஞ்சுகளாக வாங்கு. வளர்ந்ததும் இரண்டு மீன்கள் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்ற நான்கையும் விரட்டும். அந்த நான்கையும் அப்போது வேறிடத்துக்கு மாற்று. சில சமயம் இரண்டு பெண்களே சேர்ந்துகொண்டு முறைவைத்து முட்டையிடும். அத்தனையும் வெளுத்துப்போகும்போது உனக்கே விளங்கிவிடும்.

நல்ல ஜோடி என்றால் அகலமான இலையையோ ஃபில்டர் குழாயையோ வாயால் சுத்தம் செய்து, வரிசை வரிசையாக முட்டை ஒட்டும். 28 டிகிரியில் இரண்டரை நாளில் பொரியும்; குஞ்சுகள் நீந்த மேலும் நாலைந்து நாள். அதுவரை இரண்டும் மாறி மாறித் துடுப்பால் விசிறும், கெட்ட முட்டையைப் பொறுக்கும், கீழே விழுந்த குஞ்சை வாயில் அள்ளிவந்து இலையில் துப்பும். நீந்த ஆரம்பித்ததும் அன்றன்று பொரித்த ஆர்டீமியா என்னும் நுண்ணிறால் குஞ்சுகளைத் தீனியாகக் கொடு.

முதல் சில தடவை பெரும்பாலும் ஜோடியே முட்டைகளைத் தின்றுவிடும். இலையோடு எடுத்து மெத்திலின் ப்ளூ மருந்து போட்ட தனித் தொட்டியில் வை என்று எல்லாரும் சொல்வார்கள். பண்ணைக்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு அது பிழைப்பு, குறை சொல்ல முடியாது. ஆனால் தலைமுறை தலைமுறையாக முட்டையைப் பிரித்தே வளர்த்ததில், பிள்ளை வளர்க்கத் தெரியாத ஜோடிகளும் தடையில்லாமல் பெருகிவிட்டன என்பது என் எண்ணம். நீ விற்பனைக்கு வளர்க்கவில்லை. எடுக்காதே. அடுத்த முட்டைக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம்தான், அதிலோ அதற்கடுத்ததிலோ கற்றுக்கொள்ளும் ஜோடிகள் உண்டு. தொட்டிக்குப் பக்கத்தில் ஆள் நடமாட்டத்தைக் குறை, இரவில் மங்கலாக ஒரு விளக்கு எரியட்டும். டிஸ்கஸ் என்ற மீனின் குஞ்சுகள் பெற்றோரின் உடலில் சுரக்கும் கோழையைத் தின்றே வளரும். அதைப் பார்க்கும் ஆசை இருந்தால் இதில் கைதேர்ந்த பிறகு எழுது.

ஜோடி தேறிவிட்டால் ஒரே ஈட்டில் சில நூறு குஞ்சுகள் கூட வரும். பாவம் பார்த்து ஏரியிலோ கிணற்றிலோ விட்டுவிடாதே. தொட்டியைச் சுத்தம் செய்ய என்று விற்ற தென்னமெரிக்கச் சக்கர் மீன் அப்படித்தான் வெளியேறி, இன்று நம் ஏரிகளில் மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. குஞ்சுகள் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு வந்ததும் கடைக்காரரிடம் கொண்டுபோ. காசாகத் தரமாட்டார், தீனிப் பொட்டலமாகத் தருவார். பேரம் பேசாமல் வாங்கிக்கொள்.

அன்புடன்,
உன் அண்ணன்