வினவலைத் துண்டாடாதீர்

தம்பி,

வங்காலைப் படகு உரிமையாளரான சம்மாட்டிமாரின் கணக்குக்காக நீர் எழுதிய நிரலைச் சிரத்தையோடு வாசித்தேன். மாத முடிவில் நண்டுக் கொள்வனவைத் திரட்டும் அந்த வினவல், ஒரு துண்டு திரைக்குரிய கோப்பிலும் ஒரு துண்டு ‘இஃப்’ நிபந்தனைக்குள்ளும் மற்றொன்று வேறெங்கோ ஓரிடத்திலுமாகச் சிதறிக் கிடந்து, நிரல் ஓடும்போது மட்டுமே ஒன்றுகூடுவதால், தரவுத்தளத்திடம் அது உண்மையில் என்ன கேட்கிறதென்பதை எழுதிய உம்மாலேயே வாசித்தறிய இயலாது.

1970இல் எட்கர் கோட் வகுத்த தொடர்புசார் தரவு மாதிரியை ஆதாரமாகக் கொண்டு, 1974இல் ஐ.பி.எம். ஆய்வாளர்களான சேம்பர்லினும் பாய்ஸும் இன்று எஸ்.கியூ.எல். எனப்படும் வினவல் மொழியை வெளியிட்டபோது, நிரல் தொழிலில் பயிற்சியற்றவருக்கும் அது விளங்கவேண்டும் என்பதே அவர்களுடைய நோக்கம். அத்தகைய மொழியின் வாக்கியத்தைக் கூட்டல் குறிகளால் வெட்டி ஒட்டுவதை நான் ஒருபோதும் ஏற்கேன். ஒவ்வொரு வினவலையும் அதன் காரியத்தைச் சொல்லும் பெயரிட்டு, தனி எஸ்.கியூ.எல். கோப்பாக, முழுதாக ஓரிடத்தில் வையும். நிபந்தனை மாறினால் இரண்டாக எழுதும், நீளம் தோஷமல்ல.

பெயர்த் தேடல் இன்னும் மோசம். தட்டச்சிட்ட பெயரை அப்படியே வாக்கியத்துக்குள் ஒட்டியிருக்கிறீர். டி'குரூஸ் என்று ஒருவர் வந்தால், அந்த ஒற்றை மேற்கோள் குறியோடு உமது சொற்சரம் முடிந்து, மிச்சப் பெயர் கட்டளையாகிப் பிழைபட்டு நிற்கும். துஷ்டன் ஒருவன் அதே துவாரத்தால் கணக்கையே குலைக்கலாம். பெயருக்குரிய இடத்தில் வினாக்குறியை விட்டு, மதிப்பை வேறாக அனுப்பவேண்டும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்வதற்காக நம் இலங்கைத் தொண்டர்கள் பி.எச்.பி.யிலும் மை.எஸ்.கியூ.எல்.லிலும் உருவாக்கிய ‘சஹானா’வின் மூல நிரலை அந்நாட்களில் இரவிரவாக வாசித்திருக்கிறேன். மறு ஆண்டே பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் உதவிய அது, கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்கான சமூக நன்மை விருதைப் பெற்றது. தாயொருத்தி சொல்லும் பிள்ளையின் பெயருக்குப் பிழைச்செய்தி விடையாக வரக்கூடாதென்ற பிடிவாதம் அன்றே எனக்குள் வேரூன்றிவிட்டது.

ஆனால் அந்த முற்பணக் கணக்கு! கொள்வனவையும் முற்பணத்தையும் முதலில் தனித்தனியே படகுவாரியாகக் கூட்டி, அதன் பின்னரே இணைத்திருக்கிறீர். நேரே இணைத்திருந்தால் ஒரே முற்பணம் பத்துக் கொள்வனவுகளோடும் சேர்ந்து, சம்மாட்டியின் கடன் பத்து மடங்காகியிருக்கும். அனுபவசாலிகளும் இடறுகின்ற அவ்விடத்தில் உமது விவேகத்தைக் கண்டு மனம் பூரித்தேன்.

மற்றவை பொறுக்கட்டும், பெயர்த் தேடலை மட்டும் இவ்வாரமே திருத்தி எனக்கு அனுப்பிவையும்.